லூசில் பால்: சிரிப்பு நடிகை ஸ்டூடியோ முதலாளி ஆன கணக்கு

அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நடித்த ஒருவர் மறைந்துவிட்டார் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் எழும். தொடர் இன்றைக்கும் ஏதாவது ஒரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடித்தவருக்கு மட்டும் ஏன் பணம் போய்ச் சேரவில்லை? இப்படிப்பட்ட பேச்சில் லூசில் பாலின் பெயர் தவறாமல் வரும். மறுஒளிபரப்பைக் கண்டுபிடித்தவர் அவர், தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கர்ப்பிணியாகத் தோன்றியவர் அவர், ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரை உருவாக்கியவர் அவர் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, 1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய முகபாவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் ஃபிலிம் சுருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தொடாமல் அவருடைய தொழில் வாழ்க்கை விளங்காது.

## முதலில் சில சொற்கள்

1. சிட்காம்: அதே வீடு, அதே நாலைந்து பேர், வாரத்துக்கு ஒரு புதுச் சிக்கல், அரை மணி நேரத்தில் முடிவு. வானொலியில் வளர்ந்து தொலைக்காட்சிக்கு வந்த வடிவம்.

2. கினஸ்கோப்: நேரலையாகப் போகும் நிகழ்ச்சியை, ஒரு தொலைக்காட்சித் திரையின் முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்த நகல். படம் மங்கலாக, சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

3. சிண்டிகேஷன்: ஒரு தொடரின் பழைய பகுதிகளை மொத்தமாகக் கட்டி, உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்பது.

4. ரெசிடுவல்: மறுஒளிபரப்புக்காக நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தரவேண்டிய தொகை. இது சங்க ஒப்பந்தத்தின் வழியாக வருவது. தொடரின் உரிமை என்பது முற்றிலும் வேறு. அமெரிக்க நடிகர் சங்கத்தின் 1974 ஒப்பந்தத்துக்கு முன்பு, முதல் சில மறுஒளிபரப்புகளுக்கு மட்டுமே இந்தத் தொகை கிடைத்தது. எத்தனை முறை ஓடினாலும் பணம் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு எடுத்த தொடர்களுக்குத்தான். ஐம்பதுகள், அறுபதுகளின் நடிகர்கள் பலர் வெறுங்கையோடு நின்றதற்குக் காரணம் இதுதான்.

## நாற்பது வயது வரை: பெயர் தெரியும், நட்சத்திரம் இல்லை

லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். அப்பா தொலைபேசிக் கம்பி வேலை பார்த்தவர். லூசிலுக்கு மூன்று வயதாக இருக்கும்போது டைஃபாய்டில் இறந்துபோனார். பக்கத்து ஊரான செலரானில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்தின் நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது, கூச்சம் அதிகம், இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று வீட்டுக்கே எழுதிவிட்டார்கள். பிறகு மாடல் வேலை, நீண்ட நோய், மறுபடி மாடல் வேலை. 1933இல் ஒரு படத்தின் நடனக் கூட்டத்தில் ஒருத்தியாக ஹாலிவுட்டுக்குப் போனார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டஜன் கணக்கான படங்கள். ஆர்கேஓ ஸ்டூடியோவில் மாதச் சம்பளக்காரர்போல் இருந்தார். குறைந்த செலவுப் படங்களின் ராணி என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. அதில் பாராட்டும் உண்டு, இதற்கு மேல் போகமாட்டார் என்ற தீர்ப்பும் உண்டு. 1940இல் ஆர்கேஓ படம் ஒன்றில் கூட நடித்த கியூபா இசைக்கலைஞர் டெசி அர்னாஸைச் சந்தித்து, அதே ஆண்டு நவம்பர் 30 அன்று மணந்தார். அர்னாஸ் அவரைவிட ஐந்தரை வயது இளையவர். பிறகு எம்ஜிஎம் என்ற பெரிய சினிமா நிறுவனத்துக்குப் போனார். அந்தச் செம்பட்டை முடி அங்கே வந்ததுதான். இயற்கையில் அவர் முடி பழுப்பு நிறம்.

எம்ஜிஎம்மில் இன்னொன்றும் நடந்தது. மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் அப்போது மார்க்கெட் இழந்து, அங்கே நகைச்சுவை ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருக்கும் பொருளை வைத்துச் சிரிப்பு வரவழைப்பது எப்படி, அந்தப் பொருளைக் காட்சிக்கு முன்னால் எத்தனை முறை தொட்டுப் பழக வேண்டும் என்பதையெல்லாம் லூசில் அவரிடம் கற்றுக்கொண்டார். சினிமா அந்தப் பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

1948இல், அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒன்றான சிபிஎஸ்ஸின் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. தலைமை எழுத்தாளர் ஜெஸ் ஆப்பன்ஹைமர்; அவரோடு மேடலின் பியூ, பாப் கேரல் ஜூனியர் என்று சேர்ந்தே எழுதும் இளம் எழுத்தாளர்கள் இருவர். வானொலி அரங்கில் பார்வையாளர்கள் முன்னால் லூசில் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி அரங்கத்தைக் கையாளும் விதத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று டிக்கெட் வாங்கிக் கொடுத்தார் ஆப்பன்ஹைமர். திரும்பி வந்தபிறகு லூசில் மைக்குக்கு முன்னால் உடம்போடு நடிக்கத் தொடங்கினார். வானொலி கேட்பவருக்கு அது தெரியாது. அரங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொலைக்காட்சிக்குப் போகவேண்டிய ஆள் இவர் என்று சிபிஎஸ் உணர்ந்தது அப்போதுதான்.

## 1951: ஒன்றோடொன்று கோத்த முடிச்சுகள்

சிபிஎஸ் கேட்டதும் லூசில் ஒரு நிபந்தனை போட்டார்: கணவனாக நடிப்பது டெசி அர்னாஸாக இருக்க வேண்டும். இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கணவரை வீட்டில் நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஸ்பானிய உச்சரிப்போடு பேசும் கியூபாக்காரரை ஒரு அமெரிக்கப் பெண்ணின் கணவனாக மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனத்தினர் தயங்கினார்கள். இருவரும் 1950இல் டெசிலு என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, மேடை நிகழ்ச்சியாகப் பல நகரங்களில் நடித்துக் காட்டினார்கள். கூட்டம் கைதட்டியது, தயக்கம் தணிந்தது.

அடுத்த முடிச்சு இடம். இதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் பிறகு வந்தது புரியும்.

1. அன்றைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளும் கிழக்குப் பக்கம்தான் அதிகம்.

2. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் ஒளிபரப்பு வழி 1951 செப்டம்பரில்தான் திறந்தது. அதற்கு முன் ஒரு கரையில் நடந்ததை மறுகரையினர் கினஸ்கோப் நகலில்தான் பார்த்தார்கள். இணைப்பு வந்தபிறகும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தது.

3. விளம்பரதாரரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம், பெரிய சந்தையான கிழக்குக்குத் தெளிவான படம் போகவேண்டும் என்றது. அப்படியானால் நடிகர்கள் நியூயார்க்குக்குக் குடிபோக வேண்டும்.

4. லூசிலும் அர்னாஸும் கலிஃபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள். முதல் குழந்தை அந்த ஆண்டு ஜூலையில்தான் பிறந்திருந்தது.

5. ஆகவே மிஞ்சிய வழி, சினிமாபோல 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்து இரு கரைக்கும் ஒரே தரமான பிரதியை அனுப்புவது. செலவு கூடும்.

6. கூடுதல் செலவுக்கு ஈடாக வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். அர்னாஸ் சம்மதித்தார், பதிலுக்கு, ஒளிபரப்பு முடிந்தபின் ஃபிலிம் முழுவதும் டெசிலுவுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்.

சிபிஎஸ் ஏன் இவ்வளவு எளிதாகக் கொடுத்தது? ஒருமுறை காட்டிய நிகழ்ச்சியை மறுபடி யார் பார்ப்பார்கள் என்பதுதான் அன்றைய எண்ணம். நிறுவனத்தின் கண்ணில் அந்தச் சுருள் குப்பை. அர்னாஸுக்கும் அதன் முழு மதிப்பு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கேட்டார் பாருங்கள், அதைத்தான் நான் அவருடைய ஆகப் பெரிய சாமர்த்தியம் என்பேன். லூசில் பாலைப் பற்றிய பல கட்டுரைகள் அர்னாஸை இசையும் கோபமும் உள்ள கணவராக மட்டும் காட்டிவிட்டுப் போகின்றன. அது அநியாயம். வணிக மூளை அவருடையது.

## மூன்று கேமரா, ஒரு அரங்கம்

லூசிலுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் நடிப்பு அடங்கிவிடும். சினிமா முறையில் ஒரு கேமராவை வைத்து, ஒவ்வொரு கோணத்துக்கும் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அரங்கத்தில் சிரிப்பு செத்துப்போகும். ஆகவே மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். நடுவில் இருப்பது முழுக் காட்சியைப் பிடிக்கும். பக்கத்தில் உள்ள இரண்டும் முகங்களைப் பிடிக்கும்.

இதில் பெரிய தலைவலி வெளிச்சம். முழுக் காட்சிக்குப் பொருந்தும் வெளிச்சம் அருகாமைக் காட்சிக்குப் பொருந்தாது. நடுவில் நிறுத்தி விளக்கை மாற்றவும் முடியாது. இதைத் தீர்த்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபொலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், ஹாலிவுட்டில் ஆஸ்கர் வாங்கியவர். விளக்குகளைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, நிழல் விழாதபடி எல்லா இடத்துக்கும் சீராக வெளிச்சம் பரப்பினார். செட்டின் சுவர்களையும் பொருட்களையும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அளவுகளில் பூசச் செய்தார். முந்நூறு பேர் உட்காரும் அரங்கம். நாடகம்போல வரிசையாக நடித்து முடித்துவிடுவார்கள்.

பல கேமராவில் ஃபிலிம் எடுப்பதைச் சிலர் இதற்கு முன்பே செய்து பார்த்திருந்தார்கள். ஆகவே கண்டுபிடித்தவர் என்று லூசிலையோ அர்னாஸையோ சொல்வது சரியில்லை. பார்வையாளர் அரங்கம், சினிமாத் தர ஃபிலிம், வாரந்தோறும் தவறாத அட்டவணை மூன்றையும் சேர்த்து ஓடவைத்தது டெசிலு. அமெரிக்க சிட்காம்கள் பல பத்தாண்டுகள் பின்பற்றிய முறை இதுவே.

## சிரிப்பு எங்கிருந்து வந்தது

‘ஐ லவ் லூசி’ 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. லூசி ரிக்கார்டோ ஒரு இல்லத்தரசி. கணவன் ரிக்கி இரவு விடுதியில் இசைக்குழு நடத்துபவன். தானும் மேடை ஏற வேண்டும் என்பது லூசியின் தீராத ஆசை. வீட்டுச் சொந்தக்காரர்களும் நண்பர்களுமான எத்தல், ஃப்ரெட்டாக விவியன் வான்ஸும் வில்லியம் ஃப்ராலியும் நடித்தார்கள்.

1952 மே மாதம் வந்த விளம்பரப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு டானிக் விளம்பரத்தில் லூசி நடிக்கிறாள். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி குடித்துவிட்டு, “எவ்வளவு ருசி!” என்று சிரிக்க வேண்டும். முதல் கரண்டியில் நாக்கு சுருங்கி, முகம் கோணி, அப்படியே அதன்மேல் ஒரு புன்னகையை இழுத்து ஒட்டுகிறார். டானிக்கில் 23 சதவீதம் சாராயம் என்பது அவளுக்குத் தெரியாது. மூன்றாவது நான்காவது ஒத்திகையில் முகக்கோணல் மறைந்து, ருசி நிஜமாகவே பிடித்துப்போகிறது. அதே வசனம்தான், சொற்கள் மட்டும் இடம் மாறி, டானிக்கின் நீளமான பெயர் வாயில் சிக்கி உடைகிறது. போதை ஏறினாலும் ஒழுங்காகச் செய்ய முயல்கிறவளாக நடித்தார். முயற்சி கூடக்கூடச் சிரிப்பும் கூடுகிறது.

அந்த செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலைப் பகுதியிலும் இதே தர்க்கம்தான். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளை லூசியும் எத்தலும் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும். வேகம் கூடக்கூட வாயில், தொப்பியில், சட்டைக்குள் என்று திணித்து ஒளிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார், ஒன்றுகூடத் தப்பவில்லை. திருப்தியோடு, இன்னும் வேகமாக விடச் சொல்கிறார்.

பார்க்கும்போது அந்த நொடியில் தோன்றியதுபோல இருக்கும். ஆனால் எழுத்தாளர்கள் ஒவ்வொரு அசைவையும் கதைப்பிரதியிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பெண்ணால் இதைச் செய்ய முடியுமா என்று மேடலின் பியூ தானே முதலில் செய்து பார்ப்பது வழக்கம். லூசில் ஒத்திகையில் விடாப்பிடிக்காரர்.

## கர்ப்பமும் மறுஒளிபரப்பும்

1952இல் லூசில் இரண்டாவது முறை கருவுற்றார். அந்தச் சமயத்தில் ஒரு தொடர் நின்றுபோயிருக்கும், அல்லது நடிகையை நாற்காலிக்குப் பின்னால் மறைத்து எடுத்திருப்பார்கள். அர்னாஸ் ஃபிலிப் மாரிஸ் தலைவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, கர்ப்பத்தைக் கதையிலேயே சேர்க்க அனுமதி வாங்கினார். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லைத் திரையில் உச்சரிக்கக் கூடாது என்று சிபிஎஸ் தடைபோட்டது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத ரபி என மூவர் கதைப்பிரதிகளைப் படித்து ஒப்புதல் தந்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் லூசிலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். ஏறக்குறைய 4.4 கோடிப் பேர் அந்தப் பகுதியைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2.9 கோடி.

இருந்தாலும் தொலைக்காட்சியில் முதல் கர்ப்பிணி அவர் இல்லை. ‘மேரி கே அண்ட் ஜானி’ என்ற தொடர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நாயகியின் கர்ப்பத்தைக் கதையில் சேர்த்திருந்தது. அது பெரும்பாலும் நேரலையாகப் போய் அழிந்தது. லூசியுடையது ஃபிலிமில் நிலைத்தது. வரலாறு யாரை நினைவில் வைக்கிறது என்பதைக்கூடச் சுருள்தான் தீர்மானித்திருக்கிறது.

பிரசவ ஓய்வில் புதிய பகுதிகள் போதவில்லை. முதல் ஆண்டுப் பகுதிகள் சிலவற்றை மறுபடி ஒளிபரப்பினார்கள். மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். பழைய கௌபாய் படங்கள் ஏற்கெனவே தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்ததால், மறுஒளிபரப்பு லூசிலின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரத் தொடரின் பழைய பகுதிக்கு விலை உண்டு என்று தொழில்துறைக்குக் காட்டியது இந்தத் தொடர்தான். நாம் இன்று பார்க்கும் தொடக்கக் காட்சியே அதற்குச் சாட்சி: சாட்டின் துணிமேல் இதய வடிவம், அதில் தொடரின் பெயர். முதல் ஒளிபரப்பில் அது கிடையாது. சிகரெட் பாக்கெட்டைச் சுற்றி லூசி, ரிக்கி கார்ட்டூன்கள் ஆடும் காட்சிதான் இருந்தது. மறுஒளிபரப்புக்கு விளம்பரதாரர் மாறியதும் பாக்கெட்டை எடுத்துவிட்டு இதயத்தை வைத்தார்கள்.

## 1953 செப்டம்பர்

எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துபோயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. 1936இல் கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பெயர் பதிந்ததைப் பற்றி நாடாளுமன்ற விசாரணைக் குழு லூசிலை விசாரித்தது. சோஷலிஸ்டான தாத்தாவின் மனம் கோணாமல் இருக்கப் பதிந்தேன் என்றார். செய்தி கசிந்து பத்திரிகைகளில் வந்த நாளிலும் படப்பிடிப்பு இருந்தது. அர்னாஸ் அரங்கத்தின் முன் வந்து, தன் மனைவியிடம் சிவப்பு என்றால் தலைமுடி மட்டும்தான், அதுவும் சாயம் என்று சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. குழுவும் அவர்மேல் குற்றம் இல்லை என்றது. அதே காலத்தில் இதைவிடச் சின்னத் தொடர்புகளுக்காக வேலை இழந்தவர்கள் ஏராளம். நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடரை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

## சுருளை விற்று ஸ்டூடியோ வாங்கியது

180 அரை மணி நேரப் பகுதிகளோடு தொடர் 1957 மே மாதம் முடிந்தது. இதற்கிடையே சிபிஎஸ் விழித்துக்கொண்டது. தான் குப்பை என்று கொடுத்த அந்தச் சுருள்களை, 50 லட்சம் டாலரை ஒட்டிய தொகை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு அது மலைக்கவைக்கும் பணம். 1957 இறுதியில் டெசிலு, ஆர்கேஓ ஸ்டூடியோ வளாகங்களை 61.5 லட்சம் டாலருக்கு வாங்க முடிந்தது என்றால் இந்த விற்பனையின் பலத்தால்தான். லூசில் வாரச் சம்பளத்துக்கு நின்ற இடம், அர்னாஸை முதலில் பார்த்த இடம், இப்போது அவர்களுடையது.

இது நல்ல வியாபாரமா? இருபக்கமும் பேசலாம். ஸ்டூடியோ இல்லாமல் டெசிலு பெரிய நிறுவனம் ஆகியிருக்காது. ஆனால் அந்த 180 பகுதிகள் அதற்குப் பிறகு சிபிஎஸ்ஸுக்கு எவ்வளவு காலம் சம்பாதித்துக் கொடுத்தன என்று பார்த்தால் விற்றது சீக்கிரம் என்றே எனக்குப் படுகிறது. 1967 வரை பகல் நேரத்தில் சிபிஎஸ்ஸே ஓட்டியது. அதன்பின் சிண்டிகேஷனில் உலகெங்கும் போனது.

## தலைவர் நாற்காலி

திருமணம் 1960இல் முறிந்தது. 1962இல் அர்னாஸின் பங்கை வாங்கி, லூசில் டெசிலுவின் தலைவரானார். ஒரு பெரிய தொலைக்காட்சி ஸ்டூடியோவை நடத்திய முதல் பெண் அவர். அதே ஆண்டு தொடங்கிய ‘தி லூசி ஷோ’வில் நாயகியாகவும் நடித்தார். கணக்கு வழக்கும் நிர்வாகக் குழுக் கூட்டமும் அவருக்குப் பிடித்தமானவை இல்லை, ஆனாலும் செய்தார்.

1964இல் டெசிலுவிடம் ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தது. அதை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி, லூசில் இல்லை. முதல் மாதிரிப் பகுதியை என்பிசி ஒளிபரப்பு நிறுவனம் நிராகரித்து இரண்டாவதை எடுக்கச் சொன்னது. செலவைக் கண்டு டெசிலுவின் நிர்வாகக் குழு பின்வாங்கியபோது, கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்த லூசில் சம்மதித்தார். ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்கும் அப்படியே. இரண்டும் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாயின. இரண்டின் செலவும் கையைக் கடித்தது. 1967இல் டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1.7 கோடி டாலருக்கு விற்றார். அது பாரமவுண்ட் தொலைக்காட்சியாக மாறியது. மேற்சொன்ன இரு தொடர்களின் பிற்காலச் செல்வமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது.

## அதன் பிறகு

சொந்தப் பிள்ளைகளோடு நடித்த ‘ஹியர்ஸ் லூசி’ 1968 முதல் 1974 வரை ஓடியது. இது அவருடைய புதிய சொந்த நிறுவனத்தின் தயாரிப்பு. நடிப்புக்காக மொத்தம் நான்கு எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி) விருதுகள். 1986இல் எழுபத்தைந்து வயதில் ‘லைஃப் வித் லூசி’யோடு ஏபிசி என்ற ஒளிபரப்பு நிறுவனத்தில் திரும்பினார். அதே ஏணி, அதே வழுக்கல். வயதான உடம்பு கீழே விழுவதைப் பார்த்துப் பார்வையாளர் பதறினார்களே தவிரச் சிரிக்கவில்லை. எட்டுப் பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அர்னாஸ் மறைந்தார். லூசில் பால் 1989 ஏப்ரல் 26 அன்று, பெருந்தமனி வெடித்து, 77 வயதில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார்.

அன்று அவர் நடித்த மூன்று பெரிய தொடர்களின் சொத்து நிலை இப்படி இருந்தது: ‘ஐ லவ் லூசி’ 1950களிலேயே சிபிஎஸ்ஸிடம் போயிருந்தது, ‘தி லூசி ஷோ’ டெசிலு விற்பனையோடு கைமாறியிருந்தது. கடைசியாக எடுத்த, மூன்றிலும் குறைவாகப் பேசப்படும் ‘ஹியர்ஸ் லூசி’தான் அவருடைய சொந்த நிறுவனத்தின் பெயரில் எடுத்தது.